கோடை இதழுக்கு இருநூறு வார்த்தை

அஷ்வத்: இருநூறு வார்த்தைதான் அக்கா. அதுக்கு மேல போனா எடிட்டர் ரூபினி மேடம் வெட்டிடுவாங்க.

ஜோசபின்: மத்தவங்களுக்கெல்லாம் முழுப் பக்கம் குடுத்திருக்காங்களே?

அஷ்வத்: மத்தவங்க புதுசா தவளை கண்டுபிடிச்சிருக்காங்க. பழைய மாணவி ஒருத்தங்க சாட்டிலைட்டுக்கு ஆன்டெனா பண்ணியிருக்காங்க. நாம கோடை பூரா பழைய டேப்பை அடுப்புல வெச்சு வாட்டினோம்.

ஜோசபின்: அடுப்பு இல்லப்பா, இன்குபேட்டர். ஐம்பது டிகிரி.

அஷ்வத்: பயாலஜிக்காரங்க இன்னும் முறைக்கறாங்க. பாக்டீரியா வளர்க்கற பெட்டியில நாம டேப்பை வேக வெச்சோமாம்.

ஜோசபின்: வேக வெக்கலன்னா பிசின் மாதிரி ஒட்டிக்கிட்டு உரிஞ்சு வந்திருக்கும். ஒரு சத்தம்கூட மிஞ்சியிருக்காது. சரி, என்ன எழுதியிருக்க, சொல்லு.

அஷ்வத்: இங்கிலீஷ்ல இருக்கு, தமிழ்லயே சொல்றேன். நம்ம பல்கலைக்கழகத்துல படிச்சு, பொம்மசந்திராவுல மருந்துக் கம்பெனியில பதினோரு வருஷம் வேலை பார்த்துட்டு, திரும்பி இங்கயே ஆராய்ச்சிக்கு வந்த ஜோசபின்...

ஜோசபின்: அதை எடுத்துடு. என்னைப் பத்தி எதுக்கு?

அஷ்வத்: பழைய மாணவர் சாதனைன்னுதான் அந்தப் பக்கத்துக்கே தலைப்பு. நீங்க இல்லன்னா நமக்கு அங்க இடமே கிடையாது.

ஜோசபின்: ...சரி. மேல சொல்லு.

அஷ்வத்: கோலார் தங்கச் சுரங்கத்துல பாறை தானா வெடிக்கறப்போ வர்ற அதிர்வை, சுத்தி ஏழு இடத்துல கருவி புதைச்சு டேப்புல பதிவு பண்ணாங்க. நாற்பத்தொரு பெட்டி. மீட்டது ஆயிரத்து நூறு அதிர்வு. அதுல ஒண்ணு...

ஜோசபின்: அந்த ஒண்ணைப் பத்தி எழுதிட்டியா?

அஷ்வத்: அதைத்தானே எழுதணும். அன்னைக்கு ஆறாயிரம் அடி ஆழத்துல வெடி வெச்சாங்க. அதே நேரத்துல பாறை சரிஞ்சு ஒருத்தர் இறந்துட்டார். வெடியாலதான் சரிஞ்சுதுன்னு எல்லாரும் நினைச்சுட்டாங்க. ஆனா டேப்புல முதல்ல வர்றது வெடி இல்ல.

ஜோசபின்: எவ்ளோ முன்னாடி?

அஷ்வத்: ஒரு விநாடியில மூணுல ஒரு பங்கு. ஒரு தடவை கண்ணைச் சிமிட்டற நேரம். உங்களுக்குத் தெரியாததா?

ஜோசபின்: ஏழு கருவியிலயும்?

அஷ்வத்: ஏழுலயும். நாலாவது தடவை கணக்குப் போட்டுப் பார்த்துட்டேன் அக்கா. பாறை உடைஞ்சது ஒன்பதாயிரம் அடியில, யாருமே வேலை செய்யாத இடத்துல. அதுவா உடைஞ்சுது. அந்த அதிர்வு மேல வந்து ஆறாயிரம் அடியில பாறையைச் சரிக்கறப்போதான் இவங்க வெடியும் வெடிச்சிருக்கு. எனக்கு இன்னும் நம்ப முடியல. இத்தனை வருஷம் இது ஒரு அட்டைப் பெட்டியில சும்மா கிடந்திருக்கு, யாராவது வந்து கேப்பாங்களான்னு.

ஜோசபின்: ம்...

அஷ்வத்: ஆயிரத்து நூறுல இந்த ஒண்ணை மட்டும் நாலு தடவை போடச் சொன்னீங்களே, ஏன்னு நான் கேக்கவே இல்ல.

ஜோசபின்: ஏன் கேக்கல?

அஷ்வத்: விபத்துப் பதிவேட்ல பார்த்தேன். வெடிக்குப் பொறுப்பு, தாஸ். உங்க ஐ.டி. கார்டுலயும் ஜோசபின் தாஸ்.

ஜோசபின்: ...எப்போ பார்த்த?

அஷ்வத்: ஜூன்ல. அதனாலதான் கடைசி ரெண்டு தடவை உங்களைத் தொட விடாம நானே ஆரம்பத்துலேர்ந்து போட்டேன். நாளைக்கு யாரும் மகள் போட்ட கணக்குன்னு சொல்லிடக் கூடாது.

ஜோசபின்: நான் என்னமோ உனக்குத் தெரியாதுன்னு... அப்பாதான். எனக்கு அப்போ ஒரு வயசு. செத்துப் போனது அவரோட ஜோடியா வேலை செஞ்ச கார்த்திகேசன். அதோட அப்பா சுரங்கத்தை விட்டுட்டு சிவாஜிநகர்ல துணிக்கடை வேலைக்கு வந்துட்டாரு. வருஷா வருஷம் அந்தத் தேதியில தண்ணிகூட குடிக்க மாட்டாரு. முப்பத்தொம்பது வருஷம்.

அஷ்வத்: அவருக்குச் சொல்லிட்டீங்களா?

ஜோசபின்: கீழ உக்கார வெச்சிருக்கேன். குடும்பத்தோட ஃபோட்டோ எடுக்கறாங்கன்னு பொய் சொல்லிக் கூட்டிட்டு வந்தேன். எப்படிச் சொல்றதுன்னு தெரியாம ஒரு மணி நேரமா உன்கிட்ட இருநூறு வார்த்தை பேசிக்கிட்டிருக்கேன்.

அஷ்வத்: நீங்க சொல்ல வேண்டாம். டேப்பே சொல்லட்டும். கூட்டிட்டு வாங்க.

ஜோசபின்: ...வாங்கப்பா. பாத்து, ஒயர் இருக்கு. இவன்தான் அஷ்வத்.

அஷ்வத்: நமஸ்காரம் சார். உக்காருங்க.

தாஸ்: இருக்கட்டும் தம்பி. ஃபோட்டோக்காரரு எங்க?

ஜோசபின்: ஃபோட்டோ இல்லப்பா. வேற ஒண்ணு. நம்ம சுரங்கத்து டேப்பு கிடைச்சிருக்குன்னு சொன்னேன்ல...

தாஸ்: சொன்ன.

ஜோசபின்: அதுல அந்த நாளும் இருக்கு.

தாஸ்: ...அத்த எதுக்கு இப்போ தோண்டற? ஜோசி, நான் கெளம்பறேன்.

ஜோசபின்: அப்பா, ஒரே ஒரு தடவை கேளுங்க. அதுக்கப்புறம் போகலாம். நானே ஆட்டோ பிடிச்சுத் தரேன்.

தாஸ்: கேக்கறதா? அத்த கேக்க முடியுமா இன்னா?

அஷ்வத்: முடியும் சார். நேரத்தை மட்டும் கொஞ்சம் இழுத்து விட்டிருக்கேன், ரெண்டும் தனித்தனியா கேக்கணும்னு. இந்த ஹெட்ஃபோனை மாட்டிக்கங்க. போடட்டுமா?

தாஸ்: ...போடு.

அஷ்வத்: இதோ, ஓடுது.

ஜோசபின்: அப்பா?

தாஸ்: மறுபடி போடு தம்பி.

அஷ்வத்: போடறேன்.

தாஸ்: ...இது அன்னைக்கு வந்த சத்தமா? அதேவா? நீங்க செஞ்சது இல்லியே?

அஷ்வத்: அதேதான் சார். ஒண்ணும் சேக்கல.

தாஸ்: மொதல்ல பெருசா உறுமுதே, அது?

அஷ்வத்: அது பாறை. ஒன்பதாயிரம் அடியில.

தாஸ்: அங்க ஆளே கெடையாது. தண்ணி நின்னுக்கினு இருந்துச்சு.

அஷ்வத்: ஆமா சார். அதுவா உடைஞ்சுது.

தாஸ்: அந்த உறுமல் நடுவுல டொக்குன்னு ஒண்ணு... சின்னதா.

ஜோசபின்: அதுதாம்பா உங்க வெடி.

தாஸ்: இவ்ளோதானா அது?

அஷ்வத்: பாறையோட பலத்துக்கு முன்னாடி அது ஒண்ணுமே இல்ல சார். கதவைத் தட்டற மாதிரி.

தாஸ்: பின்னாடிதான் வருது.

ஜோசபின்: பின்னாடிதாம்பா வருது. ஏழு கருவியும் அதைத்தான் சொல்லுது.

தாஸ்: ...அன்னைக்கு வெடிப் பொத்தான அமுக்காமயே வுட்டிருந்தா?

அஷ்வத்: அப்பவும் சரிஞ்சிருக்கும் சார்.

தாஸ்: சரிஞ்சிருக்கும்...

ஜோசபின்: தண்ணி குடிங்கப்பா.

தாஸ்: இருக்கட்டும். பூமி பேசுனத எடுத்து வெச்சு... அத்த நீ கேக்க வெச்சுட்டியே. நான் ஒண்ணும் படிக்கல ஜோசி. நீ இங்க இன்னா படிக்கறன்னுகூட எனக்குத் தெரியாது. துணிக்கடையில யாராச்சும் கேட்டா, பூமிய பத்தி ஏதோன்னு சொல்லுவேன்.

ஜோசபின்: அது போதும்பா.

தாஸ்: இத்த வெளிய சொல்லுவீங்களா?

அஷ்வத்: திங்கக்கிழமை எங்க கோடை இதழ்ல வருது சார். இங்க படிச்ச எல்லாருக்கும் போகும். பெரிய கட்டுரை அப்புறமா வரும். யார் பேரும் போட மாட்டோம்.

தாஸ்: தமிழ்ல ஒரு காயிதத்துல எழுதித் தர முடியுமா? அமுக்கினவன் மேல தப்பு இல்லன்னு. உங்க முத்திரை வெச்சு.

அஷ்வத்: எனக்குத் தமிழ் பேசத்தான் வரும் சார், எழுத வராது. அக்கா எழுதட்டும், நான் கையெழுத்துப் போடறேன். முத்திரைக்குப் புரொஃபசர் கிட்ட நானே கேக்கறேன்.

ஜோசபின்: யாருக்குப்பா காயிதம்?

தாஸ்: கஸ்தூரிக்கு. கார்த்திகேசன் சம்சாரத்துக்கு. ஆனேக்கல்ல அவங்க பொண்ணு சுனிதா வீட்ல கீறாங்க.

ஜோசபின்: அப்பா, அவங்க உங்களை வாசப்படி ஏறக் கூடாதுன்னு சொன்னவங்க. பொண்ணு கல்யாணத்துக்குப் போனப்போ பந்தலுக்கு வெளியவே நிக்க வெச்சாங்க. நீங்களும் ஒரு வார்த்தை திருப்பிச் சொல்லல.

தாஸ்: சொல்லல.

ஜோசபின்: சரி, போலாம். நானும் வரேன். உங்க மேல தப்பு இல்லன்னு அவங்க முன்னாடியே படிச்சுக் காட்டறேன்.

தாஸ்: என்னைப் பத்தி இல்லம்மா. என் கை அன்னைக்கு அந்தப் பொத்தான்ல படவே இல்ல. "அண்ணே, இன்னைக்கு நான் அமுக்கறேன்"னு கார்த்திகேசன் கேட்டு வாங்கிக்கினான். நான் பத்தடி பின்னாடி நின்னேன். அவன் அமுக்கினான், பாறை வந்து வுழுந்துச்சு. புருஷன் தன் கையாலயே செத்தான்னு கஸ்தூரி கேக்க வேணாம்னு, நான்தான் அமுக்கினேன்னு சொல்லிட்டேன். இத்தினி வருஷமும் அவன்தான்னே நெனச்சுக்கினு இருந்தேன். இப்போதான் தெரியுது... அவனும் இல்ல.