கைக்குக் கிடைத்த திகதி

2025 ஜூலை 5, சனிக்கிழமை, மு.ப. 10.10. பொலிஸ் நிலைய முறைப்பாட்டுப் பிரிவில், பெண் பொலிஸ் சார்ஜன்ட் ரஜனி முன்னிலையில் தமிழில் சொல்லப்பட்டு, தமிழிலேயே எழுதப்பட்டது.

என் பெயர் மூக்கன் வினோதா. வயது 24. தேசிய அடையாள அட்டையைக் காட்டினேன். லிந்துலைக்கு மேலே எல்பின்ஹில் தோட்டம், மேற்பிரிவு, ஆறாம் இலக்க லய வரிசை வீடுகளில் நான்காவது காம்பரா அறையில் தாய் தகப்பனுடன் வசிக்கிறேன். தாய் வேலாயி கொழுந்து பறிக்கிறார். தகப்பன் மூக்கன் தொழிற்சாலையில் கொழுந்து வாட்டும் மாடியில் வேலை செய்கிறார். நான் பல்கலைக்கழகம் ஒன்றின் வெளிவாரி மாணவியாக வணிக முகாமைத்துவப் பட்டப்படிப்பில் மூன்றாம் வருடம் படிக்கிறேன். சனிக்கிழமைகளில் அட்டனில் வகுப்பு நடக்கும். வணிக வருமான வரி என்ற பாடத்தில் சென்ற வருடம் 36 புள்ளி எடுத்து சித்தியடையவில்லை. இந்த வருடம் இரண்டாவது தடவையாகத் தோற்றினேன்.

முறைப்பாட்டாளர் கணேசமூர்த்தியை எனக்குச் சிறு வயதிலிருந்து தெரியும். லிந்துலைக் கடைவீதியில் பேக்கரி வைத்திருக்கிறார். எங்கள் தோட்டத்துக்குப் பாண் வருவது அவரிடமிருந்துதான். அவருடைய பெயருக்கு வந்த வருமான வரி அறிவித்தலை நான் அவரிடமிருந்து மறைத்தேன் என்பது முறைப்பாடு. நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன்.

எங்கள் லயத்தில் தொலைபேசிக்கு சிக்னல் கிடைக்காது. கொழுந்து நிறுக்கும் மடுவத்துக்குப் பக்கத்து வளைவில் மட்டும் கிடைக்கும். நான் வகுப்புக்காகக் கிழமைக்கொரு முறை அட்டனுக்குப் போவதால், கடவுச்சீட்டு, உதவிப்பணம், பிள்ளைகளின் பாடசாலை அனுமதி என்று யார் எந்த விண்ணப்பம் போட்டாலும் என் தொலைபேசி இலக்கத்தையும் என் மின்னஞ்சல் முகவரியையும் கொடுப்பது வழக்கமாகிவிட்டது. இப்போது பதினொரு குடும்பங்களுக்கு அப்படிக் கொடுத்திருக்கிறேன். இது சரியா என்று யாரும் கேட்டதில்லை. நானும் யோசித்ததில்லை.

சென்ற நவம்பர் மாதம், உண்மையான வியாபாரம் ஒன்றின் வரிக்குரிய வருமானத்தைக் கணித்து ஒப்படைக்க வேண்டும் என்று வகுப்பில் சொன்னார்கள். நான் கணேசமூர்த்தியிடம் கேட்டேன். அவர் பில்களை பிஸ்கட் பெட்டி ஒன்றில் போட்டுத் தந்து, அப்படியே தன் வரி விபரத்திரட்டையும் இணையத்தில் அனுப்பித் தரும்படி கேட்டார். அவரிடம் இருப்பது பட்டன் போன். அதனால் அதிலும் என் இலக்கத்தையும் மின்னஞ்சலையும் பதிந்தேன். வேலை முடிந்ததும் பெட்டியைத் திருப்பிக் கொடுத்தேன். கூலி வாங்கவில்லை. ஐந்து சீனிப் பணிஸ் கொடுத்தார். அதன் பிறகு நான் கடைக்குப் போகும்போதெல்லாம், “இந்தா நம்ம லயத்து இன்கம்டெக்ஸ் மேடம் வாறாங்க, பில்லயெல்லாம் ஒளிச்சு வைங்கப்பா” என்று மற்றவர்கள் கேட்கச் சொல்லிச் சிரிப்பார். நானும் சிரிப்பேன்.

2025 ஜூன் 2ஆம் திகதி வரி அலுவலகத்திலிருந்து அவர் பெயருக்கு ஒரு மதிப்பீட்டு அறிவித்தல் என் மின்னஞ்சலுக்கு வந்திருந்தது. முந்திய சனிக்கிழமை வகுப்பு நடக்காததால், நான் அதைத் திறந்து வாசித்தது ஜூன் 14, சனிக்கிழமை, காலை 7.20 அளவில், அட்டன் பஸ்ஸில். அவர் காட்டியதைப் போல மூன்று மடங்கு வியாபாரம் நடந்ததாக அதில் மதிப்பிட்டிருந்தார்கள். காரணம் எனக்கு உடனே விளங்கியது. லிந்துலையில் மூன்று கடைகள் சேர்ந்து ஒரே லொறியில் கோதுமை மா இறக்குகிறார்கள். லொறிக் கூலி மிச்சம் என்பதால் பில் ஒரே பெயரில், அதாவது கணேசமூர்த்தியின் பெயரில் போடப்படும். பில்லில் இருந்த மா முழுவதும் அவருடைய போரணை அடுப்புக்கே போனதாக எடுத்திருந்தார்கள். மற்ற இரண்டு கடைக்காரரும் ஒரு கடிதம் கொடுத்தால் தீரக்கூடிய விஷயம் அது. உடன்பாடில்லை என்றால் முப்பது நாட்களுக்குள் மீளாய்வு கோரலாம் என்று அறிவித்தலின் அடியில் எழுதியிருந்தது.

அன்றே என் குறிப்புப் புத்தகத்தில் “கைக்குக் கிடைத்தது 14.06” என்று எழுதினேன். இதை விளக்க வேண்டும். எங்கள் லயத்துக்குத் தனி விலாசம் கிடையாது. கடிதங்கள் தோட்டக் காரியாலயத்துக்கு வந்து, கிளார்க் தரும் நாளில் கைக்கு வரும். சில சமயம் பத்து நாள், சில சமயம் மூன்று கிழமை பிந்தும். அதனால் கடிதத்தின் மூலையில் கைக்குக் கிடைத்த திகதியை எழுதி, அந்த நாளிலிருந்தே தவணை எண்ணுவோம். எட்டாம் வகுப்பிலிருந்து முழு லயத்துக்கும் அந்தத் திகதியை எழுதிக் கொடுப்பது நான்தான். இதையும் அப்படியே எண்ணினேன். ஜூலை 14 வரை நாள் இருப்பதாகக் கணித்தேன். என் பரீட்சை ஜூலை 3. பரீட்சை முடிந்து பதினொரு நாள் மிஞ்சும் என்று நினைத்தேன்.

வினா: அறிவித்தல் வந்ததை அவரிடம் ஏன் உடனே சொல்லவில்லை?

விடை: சொன்னால் அன்றைக்கே பிஸ்கட் பெட்டியோடு வீட்டுக்கு வருவார். மற்ற இரண்டு கடைக்காரரிடமும் அலைய வேண்டும், கடிதம் எழுத வேண்டும், நுவரெலியா வரி அலுவலகத்துக்குப் போக வேண்டும். அவர் சும்மா இருக்க மாட்டார், என்னையும் விட மாட்டார். பரீட்சைக்கு எனக்கு இருந்தது பத்தொன்பது நாள். ஏற்கெனவே தேய்மானக் கழிவும் நட்டத்தை முன்கொண்டு செல்லும் விதியும் மனதில் நிற்காமல் இருந்தன. காலையில் படித்தது மாலையில் இல்லை. உட்கார்ந்தால் எழும்பத் தோன்றும், எழும்பினால் புத்தகத்தை எடுக்கத் தோன்றும்.

வினா: அவராக எப்போதாவது கேட்டாரா?

விடை: கேட்டார். ஜூன் 16, திங்கட்கிழமை, மாலை 5 மணிக்குப் பாண் வாங்கப் போனேன். அவர் பாணைக் கடதாசியில் சுற்றிக்கொண்டே, “என்ன மேடம், டெக்ஸ்காரங்க ஏதாச்சும் அனுப்பியிருக்காங்களா?” என்று கேட்டார். நான், “ஒண்ணும் வரலங்க மொதலாளி” என்றேன். அவர், “நல்லதாப் போச்சு” என்று சொல்லி ஒரு பணிஸைக் கூடுதலாக வைத்தார். அதை வாங்கிக்கொண்டேன். அதற்குப் பிறகு பாண் வாங்கத் தாயை அனுப்பினேன்.

அதன் பிறகு ஜூலை 3, வியாழக்கிழமை, மு.ப. 9 மணிக்கு அட்டனில் பரீட்சை தொடங்கியது. நான்காவது வினா ஒரு வியாபாரியைப் பற்றியது. மின்னஞ்சலில் அனுப்பிய அறிவித்தலை அவர் பல நாள் கழித்துத்தான் திறந்து பார்த்தார், மீளாய்வு கோரக் கடைசி நாள் எது என்று கேட்டிருந்தார்கள். மின்னஞ்சலுக்கு அனுப்பிய நாளே சேர்ப்பித்த நாள், திறந்து பார்த்த நாள் கணக்கில்லை என்று எங்கள் விரிவுரைக் குறிப்பில் உள்ளது. அதைப் பாடமாக்கியிருந்தேன். சரியாக எழுதினேன். எழுதி முடித்து அடியில் கோடு போடும்போது, கணேசமூர்த்தியின் அறிவித்தல் ஜூன் 2ஆம் திகதி அனுப்பப்பட்டது என்பது நினைவுக்கு வந்தது. மேசையில் விரல் வைத்து எண்ணினேன். அன்று முப்பத்தோராவது நாள். மறுபடி எண்ணினேன். மேற்பார்வையாளர் வந்து, “என்ன, விரல்ல ஏதும் எழுதியிருக்கா?” என்று கேட்டு என் இரண்டு கைகளையும் விரிக்கச் சொல்லிப் பார்த்தார். அப்போது நேரம் 10.40. இன்னும் இரண்டு வினாக்கள் எழுத வேண்டியிருந்தது. வினாத்தாளை மூன்று தடவை வாசித்தேன், ஒன்றும் ஏறவில்லை. 10.55க்கு விடைத்தாளைக் கொடுத்துவிட்டு வெளியே வந்தேன்.

வெளிப் படியில் நின்று கணேசமூர்த்திக்கு நான்கு தடவை அழைத்தேன். போரணை வேலை நடக்கும் நேரம், அவர் எடுக்கவில்லை. தலவாக்கலை பஸ் நிரம்பாமல் புறப்படாது என்றார்கள். அதில் ஏறி இறங்கி, மறுபடி ஏறினேன். தலவாக்கலையில் வேறு பஸ் பிடித்து லிந்துலையில் பேக்கரிக்குப் போய்ச் சேர்ந்தபோது பி.ப. 12.40. அவரும் மனைவி சர்மிளாவும் இருந்தார்கள். நடந்ததை எதையும் விடாமல் சொன்னேன். அவர் கையில் இருந்த மாவைத் தட்டி, “அன்னிக்கு நான் கேட்டேன்ல?” என்றார். “கேட்டீங்க” என்றேன். சர்மிளா, “கெம்பஸ்ல இதத்தான் சொல்லிக் குடுக்கறாங்களா? வாங்குன பணிஸுக்காச்சும் வாயத் தொறந்திருக்கலாமே” என்றார். சொல்லிவிட்டு அவரே பில்கள் இருந்த பிஸ்கட் பெட்டியை உள்ளே எடுத்துப் போனார்.

மறுநாள், ஜூலை 4, வெள்ளிக்கிழமை, முதல் பஸ்ஸில் தனியாக நுவரெலியாவுக்குப் போய் வரி அலுவலகத்தில் விசாரித்தேன். தவணை தப்பிய விண்ணப்பத்தையும் நியாயமான காரணம் காட்டினால் பரிசீலிக்கலாம், ஆனால் அறிவித்தல் வரி செலுத்துபவருக்குத் தெரியாமல் போனதற்கு எழுத்தில் ஆதாரம் வேண்டும் என்று கவுன்டரில் இருந்த அம்மா சிங்களத்தில் சொன்னார். அதே காலையில் கணேசமூர்த்தி இங்கு வந்து முறைப்பாடு செய்திருக்கிறார். எனக்கு அது அப்போது தெரியாது. பொலிசுக்கு வரச் சொல்லும் துண்டை அன்று மாலை 4 மணிக்குக் காரியாலயத்து கிளார்க் தந்தார். அதன் மூலையில் திகதி எழுதப் பேனையை எடுத்தேன். எழுதவில்லை.

வீட்டில் என் தாய், “பாக்கலன்னு சொல்லிரு தாயி. ஓம் போனுக்குள்ள யாரு பூந்து பாத்தா? சிக்னல் இல்லன்னு ஊருக்கே தெரியும். கேசு கீசுன்னு ஆயிட்டா ஒன்னய எவன் வேலைக்கு எடுப்பான்?” என்றார். தகப்பன் வேலையிலிருந்து வந்து நின்றபடியே கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு, “நீ பாத்தியா, பாக்கலியா?” என்று என்னிடம் கேட்டார். “பாத்தேன்” என்றேன். “அப்ப என்னத்தப் பேசிக்கிட்டு” என்று சொல்லிக் கால் கழுவப் போனார்.

வினா: நீங்கள் பார்க்கவில்லை என்று சொன்னால் என்ன ஆகும் என்று அறிவீர்களா?

விடை: அறிவேன். நான் பார்க்கவில்லை என்றால், அவர் பதிந்த முகவரிக்கு அறிவித்தல் வந்தது, அவர் பக்கம் கவனிக்கவில்லை என்று ஆகும். அது அவருடைய குறையாகப் போய்விடும். நான் பார்த்தேன், அவர் கேட்டும் இல்லை என்று சொன்னேன் என்றால்தான் அவருக்குத் தெரிய வழியே இருக்கவில்லை என்று ஆகும். இந்த வாக்குமூலத்தின் பிரதி ஒன்றை அவர் திங்கட்கிழமை தவணை தப்பிய மீளாய்வு விண்ணப்பத்துடன் இணைக்கலாம். அதனால் எனக்கு என்ன வரும் என்றும் எனக்குத் தெரியும்.

மின்னஞ்சலையும் அது திறக்கப்பட்டதையும் காட்டுவதற்காக என் தொலைபேசியை ஒப்படைக்கிறேன். உறையில் இட்டு மேசையில் வைத்த பிறகு அது இரண்டு தடவை அதிர்ந்தது. வேறு பதினொரு குடும்பங்களின் தகவல்கள் அதில்தான் வரும். இப்போது வந்தது யாருக்கு என்று எனக்குத் தெரியாது. அவர்களில் யாருக்கும் நாள் தப்பாமல் இருக்க, இன்று மாலைக்கு முன் ஒரு தடவை என் முன்னால் திறந்து, பெயர்களை மட்டும் எழுதித் தரும்படி கேட்டுக்கொள்கிறேன்.

வேறு சொல்ல ஒன்றுமில்லை. எழுதியது முழுவதும் எனக்கு வாசித்துக் காட்டப்பட்டது. அடியில் சுருக்கமாக, “கவனக்குறைவால் தெரிவிக்கத் தவறினேன்” என்று எழுதியிருந்த வரியை மட்டும் மாற்றும்படி கேட்டேன். “கவனக்குறைவால்” என்ற சொல்லை வெட்டி, மேலே “தெரிந்தே” என்று எழுதி, வெட்டிய இடத்தில் சிறுகையொப்பம் வைத்தேன். மற்றதெல்லாம் நான் சொன்னபடியே உள்ளது, நான் சொன்னது நடந்தபடியே உள்ளது.

மூ. வினோதா
2025.07.05, மு.ப. 11.35