ஹாஜறா திருத்திய முகம்

ஹாஜறா: "என்ட உம்மாக்கு ஏன் மூஞ்சி இல்ல?" எண்டு நான் கேட்டனே... ஞாபகம் இரிக்கா ராத்தா?

அஸ்னா: மறப்பனா? உனக்கு எட்டு வயசு. எங்கட நிப்றாஸ் காக்காட கடைக் கம்ப்யூட்டர்ல, ஆக்கள் வராத நேரமாப் பாத்து நான் படம் கீறினது.

ஹாஜறா: கடல் வந்து உம்மாவக் கொண்டுபோன அடுத்த வருஷம். அதத் திறவன். எல்லாத்தையும் வரிசையாப் பாத்துட்டுக் கடைசிப் படத்துக்கு வருவம். நாளைக்கு வாப்பா கட்டாரிலருந்து வந்த உடன காட்டோணும்.

அஸ்னா: நாளைக்கேவா? இன்னும் ஒள்ளுப்பம் வேலை இரிக்கு புள்ள.

ஹாஜறா: ஒரு வேலையும் இல்ல. இந்தா, இதுதான். சேலை முழுக்கப் படிக்கட்டு மாதிரி...

அஸ்னா: மவுசால கீறினா அப்படித்தான். கை நடுங்கினாக் கோடும் நடுங்கும்.

ஹாஜறா: முதுகக் காட்டிட்டு நிக்கிறா.

அஸ்னா: முகம் கீற என்ட உம்மா உடல்லியே. உயிருள்ளதக் கீறினா, மறுமையில அதுக்கு உயிர் குடு எண்டு கேப்பாங்க, உன்னால ஏலுமா எண்டா.

ஹாஜறா: நான் அதக் கேட்டுட்டு... "அப்பக் கெதியாக் கீறு ராத்தா, உயிர் குடுக்கச் சொல்றாங்கதானே" எண்டன்.

அஸ்னா: ...அதுக்குப் பொறகு எப்படிக் கீறாம இரிக்கிற?

ஹாஜறா: இது அடுத்த வருஷம். சீ, பூசணிக்காய்.

அஸ்னா: வட்டம் போடப் பழகின புதுசு. நீயும் வட்டம், நிப்றாஸ் காக்காவும் வட்டம்.

ஹாஜறா: காக்கா எப்பவும் வட்டம்தான்.

அஸ்னா: மெல்லக் கதை, முன் கடையிலதான் இரிக்கார்.

ஹாஜறா: அடுத்ததுல கறுப்புக் கோடே இல்லியே. ஏன்?

அஸ்னா: உட்டுட்டன். முகத்துல எங்க கோடு இரிக்கு? வெளிச்சமும் நிழலும்தான். உன்ன உச்சி வெயில்ல வாசல் முத்தத்துல நிக்க வெச்சுப் பாக்கக்குள்ளதான் அது விளங்கினது.

ஹாஜறா: தலையிடி எனக்கு, பேர் உனக்கு.

அஸ்னா: இதுலருந்துதான் நீ உம்மாட முகத்தத் திருத்தத் தொடங்கினாய்.

ஹாஜறா: நான் சொல்லாட்டி ஆரு சொல்ற? கலியாணப் படமெல்லாம் கடலோட போச்சு, அடையாள அட்டையும் போச்சு. உன்ட உம்மா, என்ட பெரியம்மா, எட்டியும் பாக்கமாட்டா. எனக்குத்தானே உம்மாட முகம் தெரியும்.

அஸ்னா: ...ஓம்.

ஹாஜறா: நாடி கூர் எண்டன். கூராக்கினாய். கண் இன்னும் பெரிசு எண்டன். சிரிக்கக்குள்ள ஒரு கன்னத்துல குழி உழும் எண்டன்...

அஸ்னா: மறுகா புருவம். அதுக்கு மட்டும் எத்தின நாள் என்னப் போட்டு அரிச்செடுத்தாய்.

ஹாஜறா: அதாலதான் உனக்குக் கை வந்த. ஒவ்வொரு முடியாக் கீறப் பழகினாய். சரி, கடைசிப் படத்தத் திற.

அஸ்னா: ஹாஜறா... உன்ட வாப்பா வந்து ஆறுதலா இருந்து, ஒரு கிழமை கழிச்சுக் காட்டினா என்ன?

ஹாஜறா: திற ராத்தா.

அஸ்னா: ...இந்தா.

ஹாஜறா: உம்மா. அப்படியே உம்மா. வாப்பா பாத்தா அழுதுருவார். பெரியம்மாவையும் கூப்பிடுவம்.

அஸ்னா: வேணாம். அவவ உடு.

ஹாஜறா: நாட்டுச் சண்டையும் முடிஞ்சு, வாப்பாவும் வாறார். இண்டைக்காவது பாக்கட்டுமே. பெரியம்மா... ஒருக்கா இஞ்ச வாங்க.

சபியா உம்மா: வாறன், தேத்தண்ணியோடதான் வாறன். என்ன புள்ள? படமா? நான் பாக்கல்ல எண்டு எத்தின தரம் சொல்லிட்டன்.

ஹாஜறா: சுவர்ல தொங்கவுடமாட்டம். தொழுகிற நேரம் கம்ப்யூட்டர மூடிருவம். உங்கட தங்கச்சி பெரியம்மா, ஒரே ஒருக்கா.

சபியா உம்மா: தங்கச்சியா... பொறு, கண்ணாடியப் போடுறன்.

அஸ்னா: உம்மா, அடுப்புல என்னவோ கருகுது.

சபியா உம்மா: ஒண்டும் கருகல்ல. தள்ளி இரி... ம்... வடிவா இரிக்கு.

ஹாஜறா: பாத்தியா ராத்தா.

சபியா உம்மா: ஆனா இது அஸ்னாவெல்லோ.

ஹாஜறா: இல்ல பெரியம்மா. உம்மா.

சபியா உம்மா: கமீலா என்னோட ஒரு பாயில படுத்து வளந்தவ புள்ள. அவட முகம் அகலம். கண் சின்னன், சிரிச்சாக் காணவே காணாது. கன்னத்துல குழி உழுறது என்ட மகளுக்கு.

அஸ்னா: உம்மா, போதும். கோப்பைய வெச்சிட்டுப் போங்க.

சபியா உம்மா: ஏன், உள்ளதத்தானே சொல்றன்.

ஹாஜறா: ராத்தா... நீ ஒவ்வொரு நாளும் கண்ணாடி பாக்கிறாய்தானே?

அஸ்னா: இந்தா, படத்த மூடுறன்.

ஹாஜறா: அப்ப உனக்குத் தெரியும்.

அஸ்னா: ஹாஜறா, இரி... இஞ்ச பாரு...

சபியா உம்மா: என்ன இது, புள்ள ஒண்டும் கதையாம எழும்பிப் போறா? உனக்கு என்ன தெரியும் எண்டு சொல்றா?

அஸ்னா: கமீலா சாச்சிட முகம் அவக்கு மறந்து கனகாலம் உம்மா. சொன்னபடியெல்லாம் மாத்திக் குடுத்தன்... ஒவ்வொரு தரமும் "இப்பத்தான் உம்மா மாதிரி" எண்டு சிரிச்சா.