மூன்று கிலோ பொய்யும் ஐந்தரை மணி நடையும்

முப்பத்து நான்கு ஆண்டுகள் ஊரார் தராசுகளைச் சோதித்து, நாளை முதல் ஓய்வு காணும் எங்கள் முத்திரை ஆய்வாளர் ஐயா அவர்களுக்கு, எடையளவு அலுவலகப் பணியாளர்கள் பதினொருவரும் மகிழ்ச்சியோடும் கொஞ்சம் நடுக்கத்தோடும் வாசித்தளிக்கும் மடல்.

தராசுகளின் தலைவரே! தளராத நடையரே!

உப்பு முதல் இரும்பு வரை நிறுக்கும் கருவிகள் அனைத்தையும் ஆராய்ந்து, சரியானவற்றுக்கு ஈய முத்திரையிட்டு, சரியில்லாதவற்றின் சொந்தக்காரர்களை வியர்க்க வைத்தவர் தாங்கள். ஆய்வுக்குப் போன கடையில் ஒரு வாய்த் தண்ணீர்கூட வாங்கிக் குடிக்காதவர் தாங்கள். அப்பேர்ப்பட்ட தாங்கள், தங்கள் உடம்பை மட்டும் எந்தத் தராசிலும் ஏற்றாமல் பார்த்துக்கொண்டீர்கள் என்பதை இந்த மகிழ்ச்சியான நேரத்தில் நினைவூட்டுகிறோம். தங்கள் நாற்காலி இரண்டு முறை வெல்டிங் பட்டறைக்குப் போய்வந்ததை ஜீப் ஓட்டுநர் இன்றும் சொல்லிச் சிரிக்கிறார்.

மூன்று ஆண்டுகளுக்கு முன் தங்கள் அக்காவுக்கு இரண்டு சிறுநீரகமும் செயலிழந்தன. தையல் மிஷினை விட்டு எழாத அந்த அம்மா, வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ் கட்டிலில் படுத்தார். என்னுடையதில் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள் என்று தாங்கள் போய் நின்றீர்கள். பொருத்தமெல்லாம் சரியாக இருந்தது. உடம்புதான் நூற்றெட்டு கிலோ இருந்தது. "எண்பத்தஞ்சுக்குக் கீழ வாங்க சார், அதுக்கப்புறம்தான் நான் கத்தியை எடுப்பேன்" என்றார் அறுவை மருத்துவர்.

மறுநாளே ஜீப்பை ஒதுக்கிவிட்டு நடக்கத் தொடங்கினீர்களே, அந்த நடையை என்ன சொல்லிப் புகழ்வோம்! முதல் நாள் அலுவலக வாசலிலிருந்து மூலையிலுள்ள தபால் பெட்டி வரை. அதற்கே மூன்று இடத்தில் நின்று மூச்சு வாங்கினீர்கள். மூன்றாம் மாதம் கடைவீதி முழுக்க நடந்தே ஆய்வு செய்தீர்கள். ஜீப் சத்தம் கேட்டுப் பழகிய கடைக்காரர்கள், சத்தமே இல்லாமல் வந்து நின்ற தங்களைப் பார்த்துப் பேயறைந்தது போல் ஆனார்கள். அந்த மாதம் பிடிபட்ட தராசுகளை வைக்க இடமில்லாமல் சைக்கிள் கொட்டகையில் அடுக்கினோம். இரவுச் சாப்பாடு பாதியானது, சர்க்கரை இறங்கியது, மாடிப்படி தங்களுக்கு அடங்கியது. திங்கட்கிழமைதோறும் சோதனை அறையின் மேடைத் தராசில் ஏறுவீர்கள். நாங்களெல்லாம் வேலையைப் போட்டுவிட்டு எட்டிப் பார்ப்போம்.

தொண்ணூற்றொன்றில் வந்து எடை நின்றுபோனது. ஐந்து வாரம் நடந்தும் ஒரு கிராம் குறையவில்லை. ஆறாம் திங்களன்று தராசிலிருந்து இறங்கி, "போதும்யா, என் உடம்பு இவ்வளவுதான். ஜீப்பை எடு" என்றீர்கள். எங்களுக்கு உயிரே போய்விட்டது.

ஐயா, இனி வருவது பாராட்டு அல்ல. எங்களில் மூவர் அன்று மாலை மேடைத் தராசின் முத்திரையைப் பிரித்தோம். எந்தக் குற்றத்துக்காக ஊரெல்லாம் ஆட்களைப் பிடிக்கிறோமோ, அதே குற்றம். ஆள் ஏறாதபோது சரியாகப் பூச்சியம் காட்டும்படியும், ஏறினால் நூற்றுக்கு மூன்று கிலோ விழுங்கும்படியும் திருத்தி, ஈயத்தை அழுத்தும் நம் அலுவலகக் குறட்டாலேயே மறுபடி முத்திரை வைத்தோம். அடுத்த திங்கள் அது எண்பத்தெட்டு என்றது. தாங்கள் குழந்தை மாதிரி கை தட்டினீர்கள். மறுபடியும் நடந்தீர்கள், உண்மையாகவே குறைந்தீர்கள். இரண்டு மாதத்தில் அது எண்பத்து நான்கு கிலோ தொள்ளாயிரம் காட்டியது. அறுவைக்கு நாள் குறிக்க அக்காவையும் அழைத்துக்கொண்டு மருத்துவமனைக்குப் போனீர்கள்.

அங்கிருந்த தராசு எண்பத்தேழரை என்றது. ஆறு வாரம் கழித்து வாருங்கள் என்று அனுப்பிவிட்டார் மருத்துவர்.

திரும்பி வந்த தாங்கள் யாரையும் ஏசவில்லை. அலமாரியைத் திறந்து, இருபது கிலோ சோதனை எடைக்கற்கள் ஐந்தை ஒவ்வொன்றாகத் தூக்கி மேடையில் வைத்தீர்கள். நூறு கிலோவுக்குத் தொண்ணூற்றேழு என்றது தராசு. "யாரு கை வச்சதுன்னு நான் கேக்கல. கடைக்காரன் எடையில கை வச்சா ஜனங்களுக்குச் சாமான் குறையும். நீங்க கை வச்சதுல எங்க அக்காவுக்கு ஆறு வாரம் தள்ளிப்போச்சு. அவ தாங்குவாளான்னு தெரியல" என்று மட்டும் சொன்னீர்கள். அதற்குப் பதில் தாங்கள் எங்களை அறைந்திருக்கலாம்.

மறுநாள் காலை ஐந்தரைக்குத் தாங்கள் வாசலுக்கு வந்தபோது முத்திரை பிரித்த மூவரும் நின்றோம். பிரிக்காத எட்டுப் பேரும் நின்றார்கள். யார் செய்தது என்று தாங்கள் பிரித்தறிய முடியாதபடி நிற்க வேண்டும் என்பது கணக்கர் அம்மாவின் யோசனை. தாங்கள் முன்னே நடந்தீர்கள். பதினொரு பேரும் பின்னால் ஓடினோம். ஆறு வாரமும் அப்படியே. காவலாளி நான்கு கிலோ குறைந்தார், தட்டச்சர் பேன்ட்டுக்குப் புது பெல்ட் வாங்கினார். டயாலிசிஸ் நாள்களில் மட்டும் நடை மருத்துவமனை வாசல் வரை நீளும். அக்கா நலமாக உள்ளே போகிறாரா என்று பார்த்துவிட்டுத் திரும்புவோம். அந்த ஆறு வாரமும் எங்களில் ஒருவருக்கும் சாப்பாடு இறங்கவில்லை. குறையாமல் என்ன செய்யும்!

கடைசித் திங்களன்று, தங்கள் கையாலேயே சோதித்து முத்திரையிட்ட அதே மேடைத் தராசு எண்பத்து நான்கு கிலோ அறுநூறு காட்டியது. மருத்துவமனைத் தராசும் அதையே சொன்னது. அறுவை நல்லபடி முடிந்தது. இதோ, இரண்டு ஆண்டுகளாக அக்காவும் நம்மோடு நடக்கிறார். நம்மையெல்லாம் முந்திக்கொண்டு போய்த் தபால் பெட்டியருகே நின்று, "டேய், ரெண்டு வயசு சின்னவன்தானே நீ, ஆமை மாதிரி வர்ற!" என்று தங்களை ஏசுவதைக் கேட்கவே நாங்கள் விடியுமுன் எழுகிறோம்.

நேர்மையின் நிறைகல்லே! யார் கை வைத்தது என்று தாங்கள் இதுவரை கேட்கவே இல்லை. கேட்காததைச் சொல்லி அனுப்பவே இந்த மடல். முத்திரையைப் பிரித்தவர், இதை இப்போது வாசித்துக்கொண்டிருக்கும் சோதனை அறை உதவியாளர். காவலுக்கு நின்றவர் ஜீப் ஓட்டுநர். யோசனை சொன்னவர் இதை எழுதிய தட்டச்சர். எங்களை மன்னியுங்கள் ஐயா.

போன வாரம் அக்காவிடம் முன்கூட்டியே சொல்லி அழுதோம். முன்வரிசையில் அமர்ந்திருக்கும் அவர் அன்று சொன்னதையே தங்களுக்கான வாழ்த்தாக வைக்கிறோம்: "போன ஆறு வாரம் போகட்டும்டா. ஒரே தம்பியோட இருந்தவளுக்கு இப்ப பன்னெண்டு பேர். அவனை மட்டும் உக்கார விட்டுறாதீங்க."

விடமாட்டோம். கால் வலிக்காமல், மூச்சு வாங்காமல், அக்காவிடம் ஏச்சு வாங்கிக்கொண்டே நெடுங்காலம் நடந்து வாழ்வீர்களாக! ஓய்வு அலுவலகத்துக்கு மட்டும்தான் ஐயா. நாளைக் காலை ஐந்தரைக்கு வாசலில் நிற்போம்.

இங்ஙனம்,
முத்திரை பிரித்த மூவரும்
பிரிக்காத எண்மரும்