உக்குவளைக் கெளிறு

— பேர நிப்பாட்டச் சொல்லல மிஸ். மாத்தச் சொல்றேன்.

— கொஞ்சம் பொறுங்கோ தம்பி. முறைப்பாட்டில 'மீன் பெயர் சொல்லி அழைத்தல்' எண்டுதான் கிடக்கு. அதை நிறுத்தச் சொல்லித்தானே மத்தியஸ்த சபைக்கு வந்தனீங்கள்?

— நிப்பாட்டினா எப்புடி மிஸ்? உக்குவளையில எல்லாருக்கும் ஒரு மீன் பேரு இருக்கு. எனக்கு, இந்த சசிக்குமாருக்கு மட்டும் இல்லன்னா அசிங்கமில்லையா? நல்ல மீனாப் பாத்துப் போடச் சொல்லுங்க. அவ்வளவுதான்.

— ஜைனுதீன் நானா, நீங்கள் சொல்லுங்கோ. மீன் வண்டியில ஒலிபெருக்கி பூட்டி, சனத்தை மீன் பேர் சொல்லிக் கூப்பிடுறது உண்மையோ?

— உண்மைதான் மிஸ். பொய் சொல்லப்படாது. நான் கிண்ணியாவில பொறந்தவன். மனிசர்ட பேர் எனக்கு நிக்காது. முகத்தைப் பாத்தா மீன்தான் ஞாபகம் வரும்.

— முறைப்பாட்டில கிடக்கிற அழகம்மாவை எப்பிடிக் கூப்பிடுவீங்கள்?

— பேத்தை. விலையைச் சொன்னாப் போதும், அந்த மீன் மாதிரி ஊதிருவா.

— கோவிக்கேல்லையோ?

— கோவிச்சா. ஊதினா. அதோட ஊரே ஒத்துக்கிட்டுது.

— டெய்லர் சுந்தரலிங்கம்?

— நாக்கு மீன். அதுக்கு ரெண்டு கண்ணும் ஒரே பக்கம். அவர் தைச்ச சேட்டைப் போட்டுப் பாருங்க மிஸ், ஒரு கைதான் அளவாயிருக்கும்.

— தம்பிக்கு?

— கெளிறு.

— கேட்டீங்களா மிஸ்? கெளிறு! செதிலு கெடையாது, கொழகொழன்னு இருக்கும், பூனை மாதிரி மீசை. யட்டவத்தையில இருந்து பொண்ணு வீட்டுக்காரங்க வந்து உக்காந்திருக்காங்க. அந்த நேரம் பாத்து இவரு மைக்குல, 'கெளிறு மகன், வெளிய வாங்க, கெளிறு மகன்'னு கத்துறாரு. பொண்ணோட அப்பா குடிச்ச டீய அப்புடியே வச்சாரு.

— வச்சிட்டு?

— கெளிறுன்னா என்னா மீனுன்னாரு. சும்மா ஒரு மீனுன்னேன். யோசிச்சுச் சொல்றோம்னு எழும்பிப் போனாங்க. பதினேழு நாளாச்சு. பொண்ணு ரஜிதாவ எனக்குப் புடிச்சிருக்கு மிஸ். அவளும் போறப்ப திரும்பிப் பாத்தா. ஒரு மீனால எல்லாம் போகப் போகுது.

— சரி, என்ன மீன் வேணும்?

— தோரா. மீனுக்கே ராசா.

— அது எங்கட அறுக்குளாவெல்லே. குடுக்கலாமோ நானா?

— அறுக்குளா கோயில் ஐயாவுக்குப் போயிட்டுது.

— அவர் மச்சமே தொடமாட்டாரே!

— தொடமாட்டார். ஆனா பேரைக் கேட்டு வாங்கினவர்.

— அப்ப சுறா?

— தரலாம். ஆனா சுறாவுக்கு உடம்பில ஒரு எலும்பு கிடையாது மகன். பொண்ணு வீட்டில கேட்டா என்ன சொல்லுவீங்க?

— வேணாம். கலவா?

— கலவாய் நல்ல மீன். சின்னதில பொட்டையா இருக்கும், வளந்தாப்பொறகு ஆணா மாறும்.

— ஐயோ, வேணவே வேணாம்!

— தம்பி, மற்ற ரெண்டு மத்தியஸ்தரும் தேத்தண்ணிக்குப் போயிட்டினம். வாறதுக்குள்ள நான் ஏதாவது எழுத வேணும். நானா, ஏன் இவருக்குக் கெளிறு? மீசைக்கோ?

— தம்பிக்கு எங்க மிஸ் மீசை?

— நானா, வேணாம்.

— சபையில கேட்டாச் சொல்லணும் மகன். மிஸ், பொட்டைக் கெளிறு முட்டையைப் போட்டுட்டுப் போயிரும். ஆண் கெளிறுதான் அதை அள்ளி வாய்க்குள்ள வச்சுக்கும். ஒவ்வொண்டும் கோலிக்குண்டு அளவு. குஞ்சு பொரிச்சு நீந்துற வரைக்கும் வாயை மூடிக்கிட்டே திரியும். ரெண்டு மாசம் பட்டினி.

— அதுக்கும் தம்பிக்கும் என்ன?

— மூணு வருசமா எண்ட வண்டிக்கு வாறார். ஒரு துண்டுதான் வாங்குவார். முள்ளில்லாத துண்டு. 'எனக்கு மீன் புடிக்காது நானா' எண்டுவார். வல்லாஹி, சத்தியமா மிஸ், கையை மோந்து பாத்துக்கிட்டேதான் வீட்டுக்குப் போவார்.

— ஆருக்குத் தம்பி அந்தத் துண்டு?

— வேற கேள்வி கேளுங்க மிஸ்.

— ஆருக்கு?

— அக்கா மகளுக்கு. ஹம்சிகா. அக்கா சாகுறப்ப அதுக்கு ஆறு மாசம். அவங்கப்பன் வந்து பாக்கவே இல்ல. என்னையத்தான் அப்பான்னு கூப்புடுது.

— பொம்பிளை வீட்டுக்குச் சொன்னனீங்களோ?

— இல்ல. அவங்க வந்த அன்னைக்குப் புள்ளையப் பக்கத்து வீட்ல விட்டுட்டேன். அதோட செருப்பையும் அரிசி வாளிக்குள்ள ஒளிச்சேன்.

— அப்ப உங்கட பிரச்சினை மீன் இல்லையே தம்பி.

— மீனுதான் மிஸ்! இந்த மலையில கெளிறப் பத்தி யாருக்குத் தெரியும்னு இருந்தேன். இவரு தெனமும் மைக்குல கத்துறாரு. யாராச்சும் ஒருநாள் அர்த்தம் கேட்டா? அதுக்குத்தான் மாத்தச் சொல்றேன்.

— கேட்டாச்சு மகன்.

— யாரு?

— உங்களுக்குப் பேசின அந்த யட்டவத்தை மகள். வெள்ளிக்கிழமை பஸ்ஸேறி எண்ட வண்டியைத் தேடி வந்தா. தனியாத்தான். கெளிறு எண்டா என்ன எண்டு கேட்டா.

— சொல்லிட்டீங்களா?

— மிஸ்ஸுக்குச் சொன்ன மாதிரியே சொன்னன். துண்டையும் சொன்னன், அது யாருக்கு எண்டும் சொன்னன்.

— முடிஞ்சுது. மிஸ், நீங்க எழுதுறத எழுதுங்க. கையெழுத்துப் போட்டுட்டுப் போறேன்.

— இருங்கோ தம்பி. நானா, அந்தப் பிள்ளை அதுக்கு என்ன சொன்னது?

— தனக்கும் ஒரு மீன் பேர் வேணும் எண்டா. நாளைக்குக் காலையில இவர்ட வாசல்ல வந்து நிப்பாவாம், அந்தப் பேரைச் சொல்லி மைக்கில கூப்பிடட்டாம், சின்னப் பிள்ளைக்கும் கேக்கிற மாதிரிச் சத்தமா.