பார்த்தாச்சு

அக்கா, தூங்கிட்டியா? நீ சொல்லிக் குடுத்த ப்ரோக்ராம்ல ஒரு சின்ன டவுட்டு, அவ்ளோதான். காலையில கேட்டுட்டு பதில் போட்டா போதும். இது அம்மா ஃபோன், அவங்க பக்கத்துல படுத்திருக்காங்க, அதான் மெதுவா பேசறேன்.

ஹாஸ்டலுக்குப் புகார் பக்கம் ஒண்ணு எழுதிக் குடுத்தேன்ல. டேபிள் ஒண்ணுதான், எல்லாப் புகாரும் அதுக்குள்ளதான் போய் விழும். பாக்கிற ஆளுக்கு ஏத்த மாதிரி ஃபில்டர். பொண்ணுங்களுக்கு அவங்கவங்க எழுதினது மட்டும் தெரியும். வார்டன்ங்கிறதால அம்மாவுக்கு ஹாஸ்டல் சம்பந்தப்பட்டது. பிரின்சிபாலுக்கு எல்லாம். எனக்கு ஃபில்டரே கிடையாது, எழுதினவ நான்தானே.

போன டெர்ம்ல பிரின்சிபால் அம்மாவைக் கூப்பிட்டு, ஹாஸ்டல் பத்தி இன்னும் ஒரு புகார் என் கண்ணுல பட்டா வேற வார்டன் பாத்துக்கறேன்னு சொல்லிட்டாரு. அன்னிக்கு அம்மா சாப்பிடல. "இந்த ரெண்டு ரூமும் போச்சுன்னா நாம எங்கடி போறது"ன்னு ஒரே ஒரு தடவை கேட்டாங்க. அப்பா விட்டுட்டுப் போனதுல இருந்து எங்களுக்கு வீடுன்னா இந்த ரெண்டு ரூம்தான், உனக்கே தெரியும்.

அவரு கண்ணுல படக்கூடாது. அவ்ளோதானே.

பாதிக்கு மேல எழுதறது ஒரே ஒருத்திதான். என் வயசுதான், மூணாவது மாடி. மனுக்காரின்னுதான் கூப்பிடுவோம். குழாய் ஒழுகினா மனு, பல்லி செத்துக் கிடந்தா மனு. பிரின்சிபால் பாக்கிற பக்கத்துல, இவ எழுதினது தவிர மத்ததைக் காட்டுன்னு ஒரு வரி சேத்தேன். எதையும் டெலீட் பண்ணல அக்கா, எல்லாம் அதே டேபிள்ல பத்திரமா இருக்கு. அப்புறம், படிச்சா அம்மாவுக்கு வருத்தமா இருக்கேன்னு அம்மா பாக்கிற பக்கத்துலயும் அதே வரி.

அவ விடல. "உங்கம்மா சிசிடிவி கண்ணுக்கு என் மனு மட்டும் தெரியாதா"ன்னு என்னையே கேட்டா. பொண்ணுங்க அம்மாவுக்கு வச்ச பேரு அது. அதனால அவ அனுப்பின உடனே 'பார்த்தாச்சு'ன்னு பச்சையா வர்ற மாதிரி வச்சேன். அதுக்கப்புறம் அவளும் சந்தோஷம், நாங்களும் சந்தோஷம்.

மூணாவது மாடிக் கடைசியில மெத்தை, போர்வை எல்லாம் போட்டு வைக்கிற ரூம் ஒண்ணு இருக்கு. கதவை விட்டா தானா சாத்திக்கும், உள்பக்கக் கைப்பிடி கழண்டு போச்சு, யாராச்சும் மாட்டிக்கப் போறாங்கன்னு மூணு தடவை எழுதியிருந்தா. மூணும் பச்சை.

வெள்ளிக்கிழமை மத்தியானம் லீவு விட்டு எல்லாரும் கிளம்பிட்டாங்க. வீட்டுக்குச் சொல்லாம திடீர்னு போய் நிக்கப்போறேன்னு சொல்லிட்டு அவளும் கிளம்பற ரெஜிஸ்டர்ல கையெழுத்துப் போட்டா. அப்புறம் போர்வையை வச்சுட்டு வரலாம்னு மேல போயிருக்கா.

எங்க ஸ்கூல்ல பொண்ணுங்க யாருக்கும் ஃபோன் கிடையாது. பாடத்துக்குக் குடுத்த டேப்லெட்தான், அதுல ஸ்கூல் பக்கம் மட்டும்தான் திறக்கும். அதனால புகார்லதான் எழுதினா. 'போர்வை ரூம்ல மாட்டிக்கிட்டேன். யாராச்சும் வாங்க.' ரெண்டு நாப்பதுக்கு. அடுத்தது, 'விளையாட்டு இல்ல, நிஜமாத்தான்.' அப்புறம், 'தண்ணி இல்ல.'

நான் நாலு மணிக்குப் பாத்தேன். அஞ்சு மணிக்கு மாடி ஏறிப் போனேன். போகலன்னு யாரும் சொல்லக்கூடாது. வெளியில இருந்து கைப்பிடியைத் திருப்பினா போதும், சாவிகூட வேணாம். ஆனா திறந்தா அவ சும்மாவா இருப்பா? மூணு தடவை எழுதினேனேன்னு பிரின்சிபால்கிட்ட போவா. அவரு மொத்த டேபிளையும் திறக்கச் சொல்வாரு. உள்ள அவ எழுதினது மட்டும் அறுபத்தி நாலு இருக்கு. காலடிச் சத்தம் கேட்டிருக்கும்போல. "யாரு"ன்னு கேட்டா. நான் செருப்பைக் கையில எடுத்துக்கிட்டு இறங்கி வந்துட்டேன்.

ரவுண்ட்ஸ் போறப்ப அம்மாவே பாத்துப்பாங்கன்னு நினைச்சேன். லீவுல அம்மா மூணாவது மாடிக்குப் போறதில்ல. அதுவும் எனக்குத் தெரியும்.

இன்னிக்கு ஞாயித்துக்கிழமை. கடைசியா வந்தது நேத்து காலையில. 'வார்டன் மேடம், உங்களைப் பத்தி எழுதினதுக்கெல்லாம் ஸாரி. எல்லா மனுவையும் வாபஸ் வாங்கிக்கறேன்.' அவ வாயால ஸாரி வந்து நான் பாத்ததே இல்ல. அப்புறம் ஒண்ணும் வரல. டேப்லெட்ல சார்ஜ் போயிருக்கும்.

செவ்வாய்க்கிழமை ஸ்கூல் திறக்குது. என் டவுட்டு இதுதான் அக்கா. டேபிள்ல அவ எழுதினதை எல்லாம் இப்ப டெலீட் பண்ணா, பேக்கப்ல எங்கயாச்சும் இருக்குமா? இதுவரைக்கும் நான் எதையுமே டெலீட் பண்ணதில்ல, அதான் கேக்கறேன்.

அவளை நினைச்சு நீ பயப்படாத. கடைசியா எழுதினதுக்கும் 'பார்த்தாச்சு'ன்னு பச்சை வந்துச்சு. யாரோ வந்துட்டே இருக்காங்கன்னு நிம்மதியா படுத்திருப்பா.