இடப்பக்க இருக்கை

உங்கள் மேஜைக்கு ஒரு கால் குட்டை, ஐயா. நீங்கள் எழுத எழுத அது ஆடுகிறது. காகிதம் ஒன்றை நாலாய் மடித்து அடியில் கொடுத்தால் நின்றுவிடும். நானே செய்து தருவேன். கையைப் பூட்டி வைத்திருக்கிறீர்கள். பரவாயில்லை, எழுதுங்கள். நிதானமாகவே சொல்கிறேன்.

நான் தராசு பழுது பார்ப்பவன். நாற்பத்தொரு வருஷமாக இதே வேலை. காய்கறிக் கடை, மீன் கடை, பழைய இரும்புக் கடை, எங்கே தராசு தகராறு செய்தாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். என் பையில் ஒரு திருப்புளி, ஒரு எண்ணெய்க் குப்பி, சரிபார்க்க முத்திரை குத்திய இரண்டு கிலோ இரும்பு எடைக்கல் ஒன்று. இவ்வளவுதான். ஒருவனுக்கு ஒரு கிராம் கூடுதலாகவோ குறைவாகவோ நான் வைத்துக் கொடுத்ததில்லை. கடவுளுக்குப் பயந்தவன். காலையில் கும்பிடாமல் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டேன்.

எங்கள் ஊரில் இரண்டு கால்பந்து கிளப்புகள். ஒன்று பச்சை, ஒன்று நீலம். நாம் எது என்பதை நாமாகத் தேர்ந்தெடுப்பதில்லை. மூக்கு மாதிரி, அது அப்பாவிடமிருந்து வருவது. நாங்கள் பச்சை. மைதானத்தின் கிழக்கு மாடியில் அடுத்தடுத்த இரண்டு இருக்கைகள் எங்கள் குடும்பத்துடையவை. வருஷச் சந்தா கட்டுகிற வரைக்கும் நம்முடையவை. ஒரு வருஷம் விட்டால், வரிசையில் காத்திருக்கும் யாருக்கோ போய்விடும்.

எனக்கு ஏழு வயதில், நீலக்காரன் ஒருவன் பாதி மைதானத்திலிருந்து ஒரு கோல் அடித்தான். பந்து வானம் வரைக்கும் போய்விட்டு, யோசித்து, வலைக்குள் இறங்கியது. அழகாக இருந்தது. கைதட்டிவிட்டேன். அப்பா அங்கே ஒன்றும் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்து, செருப்பைக் கழற்றி ஒழுங்காக வைத்துவிட்டு, என் இடது கையைக் கதவிடுக்கில் வைக்கச் சொல்லிக் கதவைச் சாத்தினார். இந்த இரண்டு விரல்களும் இன்றைக்கும் மடங்காது. மறுவாரம் எனக்குப் பச்சை மஃப்ளர் வாங்கிக் கொடுத்தார். அவருடைய அரை வாரக் கூலி அது. அடிக்கிற கைதான் அணைக்கும் என்பார்களே, அந்த ரகம். அவரை நான் ஒரு நாளும் குறை சொன்னதில்லை.

என் பையனுக்கு நான் அப்படியெல்லாம் செய்யவில்லை. ஒரே ஒரு அறை. அவனுக்கு ஒன்பது வயது. எங்கள் கிளப் தோற்று, வீட்டுக்கு நடந்து வந்துகொண்டிருந்தோம். "தோத்தா என்னப்பா? பந்துதானே" என்றான். சின்ன அறைதான். ஆனால் இரும்பு தூக்குகிற கை, கொஞ்சம் கனம். இடது காதிலிருந்து ரத்தம் வந்து காலர் நனைந்தது. காது ஜவ்வு கிழிந்துவிட்டது, இனி அந்தக் காது கேட்காது என்றார் டாக்டர். படியில் விழுந்தான் என்றேன். பையனும் ஆமாம் என்று தலையாட்டினான். நல்ல பிள்ளை. மறுநாளே அவனுக்குப் புதுப் பச்சைச் சட்டை, முதுகில் அவன் பெயர் அச்சடித்து வாங்கிக் கொடுத்தேன். பணத்தைப் பார்க்கவில்லை.

அடுத்த ஆட்டத்தில், "அப்பா, நான் இந்தப் பக்கம் உக்காந்துக்கவா?" என்று கேட்டான். எனக்கு இடப்பக்கம். அது என் அப்பா உட்கார்ந்த இருக்கை. எழுந்து கொடுத்தேன். அந்தப் பக்கம் உட்கார்ந்தால் அவனுடைய நல்ல காது என்னைப் பார்த்து இருக்கும். அப்பா சொல்வதில் ஒரு வார்த்தைகூட விட்டுப் போகக் கூடாது என்று அந்த வயதிலேயே நினைத்திருக்கிறான், பாருங்கள். இருபது வருஷம் அப்படித்தான் உட்கார்ந்தான்.

மைதானத்துக்குக் கூரை போட்ட வருஷம் சந்தா இரட்டிப்பானது. என் மனைவியின் தையல் மெஷினை விற்றுக் கட்டினேன். அதற்குப் பிறகு அவள் கையாலேயே தைத்துக் கொடுத்தாள், கண் மங்குகிற வரைக்கும். ஏன் விற்றீர்கள் என்று ஒரு தடவை கேட்டாள். அப்புறம் கேட்கவில்லை.

பையனுக்குக் கல்யாணமாகி ஒரு பெண் குழந்தை பிறந்தது. வேறு பேட்டைக்குக் குடிபோனான். குளிர்பதனக் கிடங்கில் வேலை. போன வருஷம் ஆட்டங்கள் தொடங்குவதற்கு முன்னால் வந்து, "சனிக்கிழமை ஷிப்ட் போட்டுட்டாங்கப்பா. மாறினதும் வந்துடுவேன். அதுவரைக்கும் என் சீட்டுல தெரிஞ்சவர் ஒருத்தர் வருவார். நம்ம பச்சைதான்" என்றான்.

வந்தவர் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர். ஐம்பது வயதிருக்கும். வெயிலானாலும் மழையானாலும் தலையில் ஒரு கம்பளிக் குல்லாய். நான் அவரைக் குல்லாய் என்றே கூப்பிட்டேன். அவருக்கு நான் பெரியவர்.

அவரைப் பற்றித் தப்பாக எழுதிவிடாதீர்கள். நல்ல மனிதர். மாடிப் படி ஏறும்போது என் முழங்கால் மடங்கும். அதைச் சொல்லிக் காட்ட மாட்டார். "பெரியவரே, எனக்குத் தலை சுத்துது, கொஞ்சம் பிடிச்சுக்குங்க" என்பார். நான் அவரைப் பிடித்துக்கொள்வதாக நினைத்துக்கொண்டே மேலே வந்துவிடுவேன். இடைவேளையில் டீ வாங்கி வருவார், சர்க்கரை பாதி. என் விரல்களைப் பார்த்துவிட்டு, கடலையை உரித்து உள்ளங்கையில் வைப்பார். அதுவரைக்கும் யாரும் எனக்கு உரித்துக் கொடுத்ததில்லை. எங்கள் கோல்கீப்பர் பந்தை விட்டால், "பந்தைப் பிடிடான்னா கொசு பிடிக்கிறான் பாருங்க" என்பார். நான் சிரித்திருக்கிறேன். சின்னச் சின்ன உபகாரங்களில்தான் கடவுள் இருக்கிறார் என்று நம்புகிறவன் நான். காலையில் கும்பிடும்போது அவரையும் சேர்த்துக்கொண்டேன்.

போன சனிக்கிழமை பச்சைக்கும் நீலத்துக்கும் ஆட்டம். முப்பத்தோராவது நிமிஷம் நீலம் ஒரு கோல் போட்டது. எங்கள் பக்கம் முழுக்க இழவு வீடு மாதிரி ஆகிவிட்டது. குல்லாயும் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டார். ஆனால் என் முழங்காலை ஒட்டியிருந்த அவர் முழங்கால் ஒரு துள்ளு துள்ளியது. உடனே கையை வைத்து அழுத்தினார். நாற்பத்தொரு வருஷம் தராசு முள்ளையே பார்த்தவன் நான். வாய் என்ன வேண்டுமானாலும் சொல்லும். முள் துடித்துவிட்டால் தட்டில் ஏதோ இருக்கிறது.

இடைவேளையில் டீ வாங்கப் போனார். பழைய டிக்கெட் அறைக்குப் பின்னால் ஒரு குறுகலான படிக்கட்டு உண்டு. யாரும் அந்தப் பக்கம் வருவதில்லை. டீ ஆறிவிடக் கூடாது என்று அவர் மட்டும் அந்தக் குறுக்கு வழியில் வருவார். நான் அங்கே போய் நின்றேன். இரண்டு காகிதக் கோப்பைகளோடு ஏறி வந்தார்.

"என்ன பெரியவரே, இறங்கி வந்துட்டீங்க? முட்டி என்னத்துக்கு ஆகும்?"

"குல்லாய், நீ எந்த கிளப்?"

கோப்பைகளைச் சுவர் விளிம்பில் வைத்துவிட்டுச் சிரித்தார். "கண்டுபிடிச்சிட்டீங்களா? எமகாதகர் நீங்க. பொறந்ததுல இருந்து நீலம். எங்கப்பன் நீலம், என் பசங்களும் நீலம். வருஷம் பூரா உங்க கூட உக்காந்து பச்சைக்குக் கத்தினதுக்கு என்னை வீட்டுல சேக்க மாட்டேங்கிறானுங்க."

"அப்புறம் ஏன் வந்தே?"

"உங்க பையன்தான். தங்கமான பிள்ளை. 'அப்பா தனியா போவார்ண்ணே, படியில விழுந்துடுவார், டீயில சர்க்கரை கம்மி'ன்னு அத்தனையும் எழுதியே குடுத்தான். வாராவாரம் கையில காசு வேற. அவனுக்கு இந்த ஆட்டமே ஆகாது, உங்களுக்குத் தெரியாதா? ஒரு நாளும் பிடிச்சதில்லையாம். சத்தம் கேட்டாலே உடம்பு நடுங்குமாம். சனிக்கிழமை அவன் வீட்டுலதான் இருக்கான் பெரியவரே, பாப்பா கூட."

முதல் அடி குல்லாய் மேலேயே விழுந்தது. கம்பளி என்பதால் சத்தம் அதிகமில்லை. "பெரியவரே?" என்றார். நான் ஏதோ கேட்டது காதில் விழாத மாதிரி. பிறகு படியில் உட்கார்ந்தார். இரண்டாவதில் சுவர் பக்கம் சாய்ந்தார். என் செருப்பைப் பிடித்துக்கொண்டார். காலை மெதுவாக விடுவித்துக்கொண்டேன். மூன்றோடு நிறுத்திவிட்டேன் என்றுதான் எனக்கு நினைவு. உங்கள் டாக்டர் ஏழு என்று எழுதியிருக்கிறாராம். படித்தவர், சரியாகத்தான் எண்ணியிருப்பார்.

எடைக்கல் எப்படிக் கையில் வந்தது என்று நேற்றே கேட்டீர்கள். சந்தையிலிருந்து நேராக மைதானத்துக்குப் போவது என் வழக்கம். பை எப்போதும் என்னோடுதான். வாசலில் சோதிப்பவர் என்னைத் தெரிந்தவர். "இன்னிக்கு யாரை எடை போடப் போறீங்க?" என்று கேட்டு உள்ளே விட்டார். அதற்காகக் கொண்டுபோகவில்லை. ஆனால் அதை எடுத்து அப்பா கொடுத்த மஃப்ளரில் வைத்து முடிச்சுப் போட்டது இருக்கையில் உட்கார்ந்திருக்கும்போதுதான். அவரைக் கேள்வி கேட்பதற்கு முன்னால். உண்மையைச் சொல்ல வேண்டும் இல்லையா?

டீ இன்னும் சூடாக இருந்தது. என்னுடையதைக் குடித்தேன். அவருடையதையும் குடித்தேன். காசு கொடுத்து வாங்கியதை வீணாக்கக் கூடாது என்பது என் அப்பா சொல்லிக் கொடுத்தது. அவர் தலையை நேராக்கி, கண்ணை மூடிவிட்டு, ஒரு நிமிஷம் கும்பிட்டேன். குல்லாயை மட்டும் எடுத்துக்கொண்டு மேலே வந்தேன். அன்றைக்குப் பிடித்துக்கொள்ள ஆள் இல்லாமலே ஏறிவிட்டேன்.

குல்லாயை இடப்பக்க இருக்கையில் வைத்தேன், ஆள் இருக்கிறது என்று தெரிவதற்காக. பின்வரிசையில் ஒருவர், "யாராவது வராங்களா?" என்று கேட்டார். "என் பையன் வருவான்" என்றேன். இரண்டாவது பாதியில் பச்சை இரண்டு கோல் போட்டு ஜெயித்தது. நல்ல ஆட்டம். குல்லாய் ஈரமாக இருந்ததையும், அது இருக்கையிலிருந்து கீழே சொட்டியதையும் அந்தப் பின்வரிசைக்காரர்தான் கவனித்தார். என் கண் மைதானத்தில் இருந்தது.

நேற்று நீங்கள் இன்னொன்றும் சொன்னீர்கள். மூன்றாவது மாதத்திலிருந்து குல்லாய் என் பையனிடம் காசு வாங்கவில்லையாம். "காசெல்லாம் வேணாம் தம்பி, பெரியவரைப் பாக்காம எனக்குச் சனிக்கிழமை விடிய மாட்டேங்குது" என்றாராம். என் பையன் உங்களிடம் எழுதிக் கொடுத்த வாக்குமூலத்தில் இருக்கிறது என்றீர்கள். இருக்கலாம். அதை அவர் படியில் நின்றபோதே சொல்லியிருக்கலாம். சொல்லாதது அவர் தப்பு. சொல்வதற்கு நேரம் கொடுத்தேனா என்று கேட்கிறீர்கள். கொடுக்கவில்லை. நான்தான் அடித்தேன், நான்தான் கொன்றேன். அதைக் கொட்டை எழுத்தில் எழுதிக்கொள்ளுங்கள், கீழே கையெழுத்துப் போடுகிறேன்.

ஒரே ஒரு வேண்டுகோள். அந்த இரண்டு இருக்கைகளுக்கும் வரும் வருஷத்துச் சந்தா கட்டிவிட்டேன். ஒன்று பையனுக்கு, ஒன்று பேத்திக்கு. அவளுக்கு நாலு வயது. பிறந்தநாள் தவறாமல் பச்சைச் சட்டை வாங்கி அனுப்புகிறேன். இந்தத் தடவை அவள் பெயரோடு.

இன்று காலை பையன் வந்திருந்தான், நீங்கள்தான் அனுமதித்தீர்கள். வெளியே அந்த நீள பெஞ்சில் என் பக்கத்தில் உட்கார்ந்தான். காவலர் பார்த்துக்கொண்டிருந்தார், அவரைக் கேளுங்கள். "பாப்பாவுக்குச் சட்டை பத்துதாப்பா?" என்று கேட்டேன். பதில் இல்லை. சனிக்கிழமை அவளைக் கூட்டிக்கொண்டு போவாயா என்று கேட்டேன். எதிர்ச் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தான். நான் மூன்று தடவை கேட்டேன். அப்புறம்தான் கவனித்தேன், பாவம், இருந்த பதற்றத்தில் பிள்ளை எனக்கு வலப்பக்கம் உட்கார்ந்துவிட்டான். அந்தப் பக்கத்திலிருந்து அவனுக்கு நான் பேசுவது கேட்காது.