சில்லறைச் சத்தம்

குளியலறையில் தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருக்கும்போது, கதவும் ஜன்னலும் சாத்தியிருக்க, மூன்று தெரு தள்ளி ஒரு கார் போனால் அதன் எந்தப் பிஸ்டனுக்கு உடம்பு சரியில்லை என்று நான் சொல்லிவிடுவேன். ஓட்டுகிறவர் காலையில் மனைவியோடு சண்டை போட்டுவிட்டு வந்தாரா என்பதையும் சேர்த்துச் சொல்வேன். ஆக்சிலரேட்டரை மிதிக்கிற மிதியில் அது தெரிந்துவிடும். சிரிக்கிறீர்கள். பரவாயில்லை. பஸ் டிப்போவின் எஞ்சின் பிரிவில் நான் சேர்ந்த புதிதில் எல்லோரும் இப்படித்தான் சிரித்தார்கள். பிறகு அவர்களே எனக்கு 'ஸ்டெத்து' என்று பட்டப்பெயர் வைத்தார்கள். டாக்டர் கழுத்தில் தொங்குமே, அந்த ஸ்டெத்து.

இதோ என் பக்கத்து நாற்காலியில் இருக்கிறாளே என் மகள், இவள் மட்டும் என்றைக்கும் என்னை நம்பியதில்லை. நான் வாயைத் திறக்குமுன்பே உங்களிடம் என்ன சொன்னாள்? "அப்பா சொல்றதைக் கணக்குல எடுத்துக்காதீங்க சார். அவரைக் காப்பாத்தணும்னு பழியைத் தன் தலையில போட்டுக்கறார்." அவர் என்றால் அவள் வீட்டுக்காரர், என் மாப்பிள்ளை. பல் டாக்டரின் கார் எரிந்த நாளிலிருந்து நீங்கள் லாக்கப்பில் வைத்திருக்கிறவர். நான் சொல்வதை நீங்கள் நம்பினால் அவருக்குக் கொஞ்சம் விடிவு, நான் உள்ளே. நம்பாவிட்டால் நான் வீட்டுக்குப் போய் நாற்காலியில் சாய்ந்துகொள்ளலாம். அவள் பாடுதான் கஷ்டம். எப்படி முடிந்தாலும் ஒருவர் குறைவார்.

ஆனால் மாப்பிள்ளையைக் காப்பாற்ற நான் வரவில்லை. அந்த எண்ணம் எனக்குக் கனவில்கூட வராது. மட்டமாக டியூனிங் செய்ததால் கார் தானாகத் தீப்பிடித்தது என்று நீங்கள் எழுதி வைத்திருக்கிறீர்களாமே. அந்தத் 'தானாக' என்ற சொல்லைத்தான் என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

மாப்பிள்ளை முன்பு செல்போன் பழுதுபார்க்கும் கடை வைத்திருந்தார். கடை படுத்துவிட்டது. ஒரு லேப்டாப்பும் ஒரு கேபிளும் வாங்கிக்கொண்டு, என் வீட்டு முன்பக்க ஷெட்டில் டர்போ கார்களுக்கு வேகம் கூட்டுகிற டியூனிங் செய்ய உட்கார்ந்துவிட்டார். ஸ்பேனர் பிடிக்கத் தெரியாது. கேபிளைக் காரின் ஸ்டியரிங்குக்கு அடியில் ஒரு துளையில் சொருகுவார், ஏதோ ஒரு ஃபைலை உள்ளே தள்ளுவார், முடிந்தது. எல்லாக் காருக்கும் ஒரே ஃபைல். ஒருவனுக்கு அளவெடுத்துத் தைத்த சட்டையை ஊரில் இருக்கிற அத்தனை பேருக்கும் மாட்டிவிடுகிற மாதிரி. குண்டனுக்குப் பொத்தான் தெறிக்கும், ஒல்லிக்குச்சிக்குத் தோளில் நிற்காது. கேட்டால், "ஸ்டேஜ் டூ மாமா" என்பார், பவரை இரண்டாம் படிக்கு ஏற்றுவதாம்.

அந்த ஷெட்டின் நாற்றத்தை நீங்கள் ஒருநாளாவது முகர்ந்து பார்த்திருக்க வேண்டும். எரியாத பெட்ரோல், கருகின ஆயில், சூட்டில் சிவந்த இரும்பு. சுவரில் தார் பூசின மாதிரி கரி. கொடியில் உலர்த்தின என் வெள்ளை வேட்டி சாயங்காலத்துக்குள் சாம்பல் நிறமாகிவிடும். எச்சில் துப்பினால் கறுப்பாக வரும். குடிக்கிற டீயின் மேல் ஒரு வானவில் மிதக்கும். காக்காய்கள் எங்கள் தெருவைச் சுற்றிக்கொண்டு போகும், நான் பார்த்திருக்கிறேன். இது போதாதென்று அந்தச் சத்தம். ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்ததும் சைலன்சருக்குள் பெட்ரோல் வெடித்துப் பட் பட் என்று வயிற்றுக் கோளாறுக்காரன் மாதிரி வரும் சத்தம். அதற்குத்தான் இளவட்டங்கள் வரிசையில் நிற்பார்கள். வண்டி ஏப்பம் விடுவதைக் காசு கொடுத்துக் கேட்கிற கூட்டத்தை நான் வேறெங்கும் கண்டதில்லை. நான் எழுந்துபோய் ஜன்னலைச் சாத்திவிடுவேன். நாற்பது பஸ்களின் கழுத்துவரை கைவிட்டுத் துழாவினவன் நான், அழுக்குக்கு முகம் சுளிக்கிறவன் இல்லை. இது அழுக்கு இல்லை. அசிங்கம்.

உங்களுக்குப் புரிகிற மாதிரி சொல்கிறேன். டர்போ என்பது எஞ்சின் வாயில் காற்றைத் திணிக்கிற விசிறி. அளவோடு திணித்தால் எஞ்சினுக்குத் தெம்பு. மாப்பிள்ளை மாதிரி குத்திக் குத்தித் திணித்தால், தீப்பொறி வருவதற்குள் உள்ளே இருக்கிற பெட்ரோல் கண்ட இடத்தில் வெடிக்கும். அப்போது ஒரு சத்தம் கேட்கும். தகர டப்பாவில் நாணயங்களைப் போட்டுக் குலுக்கினால் எப்படி இருக்கும், அப்படி. டிப்போவில் அதற்கு நாங்கள் வைத்த பெயர் சில்லறை. "இவன் சில்லறை எண்ணுறான்" என்று ஒருவர் சொன்னால் அந்த பஸ் அன்று வெளியே போகாது. அந்தச் சத்தத்தோடு ஏற்றத்தில் மிதித்தால் பிஸ்டன் சில்லுச்சில்லாகப் போய்விடும்.

மாப்பிள்ளையின் முதல் காரிலேயே நான் சொன்னேன்.

"மாப்பிள்ளை, சில்லறை கேக்குது."

"டிராயர்ல இருக்கு மாமா, எடுத்துக்கோங்க" என்றார், தலையை நிமிர்த்தாமல்.

விளக்கிச் சொன்னேன். கேட்டார் என்றுதான் நினைத்தேன். அவர் என்ன செய்தார் தெரியுமா? இந்தக் காலத்து எஞ்சினுக்குள் ஒரு காது வைத்திருக்கிறார்கள். நாக் சென்சார். சில்லறைச் சத்தம் கேட்டதும் அது எஞ்சினை அடக்கி வாசிக்கச் சொல்லும். மாப்பிள்ளை லேப்டாப்பில் அந்தக் காதை அடைத்துவிட்டார். "அது சும்மா பயந்துக்கிட்டே இருக்கு மாமா, பவரைக் குறைக்குது" என்றார். எச்சரிக்கை விளக்கையும் அணைத்துவிட்டார்.

அதைக்கூட நான் மன்னித்திருப்பேன். ஒருநாள் நான் ஷெட்டுக்குப் பின்னால் நின்றது தெரியாமல் ஒரு வாடிக்கையாளரிடம் சொல்கிறார்: "பெரியவர் ஏதாவது சொன்னா கண்டுக்காதீங்க. அவருக்குக் காது மந்தம் ஆயிடுச்சு." வாடிக்கையாளர் சிரித்தார். மாப்பிள்ளையும் சிரித்தார்.

நான் கோபப்படவில்லை. உள்ளே போய்ச் சாப்பிட்டேன். மகள் இரண்டாம் முறை பரிமாறினாள், அதையும் சாப்பிட்டேன். உங்கள் தலைக்கு மேலே சுற்றுகிற விசிறிக்கு பேரிங் போய்விட்டது என்று வந்து உட்கார்ந்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது; இந்தக் காதைப் போய் மந்தம் என்றால் ஒரு மனிதன் என்ன செய்வான்? நிரூபிப்பான். அவ்வளவுதான். நிரூபிக்க எனக்கு ஒரு கார் வேண்டும். வந்தவர்கள் எல்லாம் ஏப்பப் பிரியர்கள். அவர்கள் வண்டி போனால் இன்னொன்று வாங்குவார்கள், மாப்பிள்ளையிடமே திரும்ப வருவார்கள். ஊர் மதிக்கிற ஆளின் கார் வேண்டும்.

பல் டாக்டர் நல்ல மனிதர். அதில் சந்தேகமே இல்லை. என் கடைவாய்ப்பல்லை அவர் பிடுங்கியபோது பிடுங்கினதே எனக்குத் தெரியவில்லை. முடிந்துவிட்டது என்று அவர் சொன்ன பிறகும் வாயைத் திறந்துகொண்டே இருந்தேன். அப்படி ஒரு கை. பூவைக் காம்பிலிருந்து எடுக்கிற கை. மலைமேல் இருக்கிற ஆஸ்பத்திரிக்கு வாராவாரம் போய் இலவசமாக வைத்தியம் செய்வார். ஏற்றத்தில் வண்டி திணறுகிறது என்று யாரோ சொன்னதைக் கேட்டு மாப்பிள்ளையிடம் கொடுத்து டியூனிங் செய்துகொண்டார்.

வண்டியை எடுக்க அவர் வந்த மத்தியானம் மாப்பிள்ளை வெளியே போயிருந்தார். டாக்டருக்கு மனசுக்குள் ஏதோ உறுத்தியிருக்க வேண்டும். என்னைத் தேடிப் பின்கட்டுக்கு வந்தார்.

"ஐயா, நீங்க ஒரு தடவை கேட்டுச் சொல்லிட்டா எனக்குத் திருப்தி. உங்க காதுமேலதான் எனக்கு நம்பிக்கை."

அவரிடம் மாப்பிள்ளை சொன்ன மந்தக்கதை எடுபடவில்லை பாருங்கள். எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா. ஷெட்டுக்கு வந்து எஞ்சினைப் போடச் சொன்னேன். கண்ணை மூடிக்கொண்டேன். மிதிக்கச் சொன்னேன். மூன்றாவது சிலிண்டர். உண்டியலை உடைத்துத் தரையில் கொட்டின மாதிரி. அவ்வளவு தெளிவாக வேலைக்காலத்தில்கூட நான் கேட்டதில்லை. ஏற்றத்தில் பாதி தூரம் தாங்கும் என்று கணித்தேன்.

"சத்தம் ஏதாவது இருக்கா ஐயா? சில்லறைன்னு சொல்வீங்களே."

நான் சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்தேன். "சில்லறையா? என்கிட்ட இல்லையே டாக்டர்."

இருவரும் சிரித்தோம். அவர் முகம் தெளிந்துவிட்டது. இதை நீங்கள் பொய் என்று எழுத முடியாது. என் பையில் உண்மையிலேயே சில்லறை இல்லை. இல்லாததை இல்லை என்றேன். அவர் அதை வேறு விதமாக எடுத்துக்கொண்டால் அதற்கு நான் எப்படிப் பொறுப்பாவேன்?

என்ன கேட்டீர்கள்? அத்தோடு விட்டுவிட்டேனா என்றா? இல்லை. நம்பி வந்தவரை வெறுங்கையோடு அனுப்பலாமா? யோசனை சொன்னேன். "ஏத்தத்துல பயப்படாம நல்லா மிதிங்க டாக்டர், அடைப்பெல்லாம் போயிடும்" என்றேன். புது வண்டிக்காரர்களுக்கு எல்லோரும் சொல்கிற யோசனைதான். காரில் ஏறி உட்கார்ந்தவர் ஜன்னல் வழியாக என் கையைப் பிடித்துக்கொண்டார். வேறு ஏதாவது கவனிக்கணுமா என்றார்.

"புகை வந்தா பதறாதீங்க. உடனே எறங்கி பானெட்டைத் தெறந்து விட்டுடுங்க. காத்து பட்டா அடங்கிடும்."

ஆமாம். சொன்னேன். இத்தனை நேரம் நீங்கள் இதற்குத்தான் காத்திருந்தீர்கள் என்று தெரியும். பிஸ்டன் போனால் அதைப் பிடித்திருக்கிற ராடு எஞ்சினின் வயிற்றைக் கிழித்துக்கொண்டு வரும். ஆயில் பீறிட்டுச் சிவந்திருக்கிற டர்போமேல் அடிக்கும். பானெட்டை மூடி வைத்திருந்தால் புகை. திறந்தால் காற்று புகுந்து தீ. எந்த டிப்போவிலும் வேலைக்குச் சேர்ந்தவனுக்கு முதல் வாரமே சொல்லிக்கொடுக்கிற பாடம். நானே எத்தனையோ பேருக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். எஞ்சின் போனால் மட்டும் மாப்பிள்ளை என்ன செய்திருப்பார்? வேறொன்று மாட்டிக்கொடுத்துச் சமாளித்திருப்பார். பத்துப் பேர் பேச வேண்டுமென்றால் கொஞ்சம் வெளிச்சம் வேண்டியிருந்தது.

அவர் கையால் திறப்பார் என்று தெரியும். வேறு எதனால் திறப்பார்? கை அந்த அளவுக்கு வெந்துபோகும் என்று நான் எதிர்பார்க்கவில்லை என்று சொன்னால் நீங்கள் எழுதிக்கொள்வீர்களா? எழுதிக்கொள்ளுங்கள். இரண்டு கையும் இனி கரண்டி பிடிக்கக்கூட உதவாது என்று ஆஸ்பத்திரியில் சொல்கிறார்களாம். எனக்கும் வருத்தம்தான். அடுத்த பல்லை யாரிடம் காட்டுவது என்று தெரியவில்லை. ஆனால் நீங்கள் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். ஏற்றத்தில் பாதி என்று நான் கணித்தேன். கார் எங்கே நின்றது? பாதியில்தானே நின்றது?

இப்போதும் தலையாட்டுகிறீர்கள். கதை நன்றாக இருக்கிறது பெரியவரே, ஆனால் டாக்டர் மயக்க மருந்தில் இருக்கிறார், அவருக்கு அன்றைக்கு நடந்தது எதுவும் நினைவில்லை, நீங்கள் வேறு ஊரறிந்த புளுகர் என்கிறீர்கள். மருமகனுக்காக மாமனார் உயிரையே விடுகிறார் என்று நெகிழ்ந்துபோய் வேறு பார்க்கிறீர்கள். அந்தப் பார்வை வேண்டாம். அந்தக் கேபிள்காரனுக்காக நான் ஒரு விரலைக்கூட அசைக்கமாட்டேன். எஞ்சினைப் பிரித்துப் பாருங்கள், மூன்றாவது பிஸ்டன் இருந்த இடத்தில் பொடிதான் இருக்கும். அதைக் காதால் கேட்டுச் சொன்னவன் எதிரே உட்கார்ந்திருக்கிறேன், நீங்கள் எனக்குத் தண்ணீர் கொடுத்து வீட்டுக்கு அனுப்பப் பார்க்கிறீர்கள்.

என் மகளைக் கேட்கிறீர்களா? கேளுங்கள். ஆனால் அவள் என் பேச்சை ஒருநாளும் ஒப்புக்கொண்டவள் இல்லை. சின்ன வயதில் வானம் நீலமாக இருக்கிறது என்று நான் சொன்னால் வெளியே போய்ப் பார்த்துவிட்டு வருவாள்.

என்னம்மா, நாற்காலியை ஏன் அவ்வளவு தூரம் இழுத்துப் போடுகிறாய்? சுவரில் இடிக்கிறது பார். முகத்தை ஏன் அப்படி வைத்துக்கொண்டிருக்கிறாய்? முந்தானையால் மூக்கைப் பொத்துகிற அளவுக்கு இங்கே என்ன நாறுகிறது?

"நடந்தது சார். டாக்டருக்கு டீ எடுத்துக்கிட்டு வந்தேன், கதவுக்குப் பின்னாடி நின்னேன். பானெட்டைத் தெறக்கச் சொன்னதை என் காதால கேட்டேன், அப்போ அர்த்தம் புரியல. வண்டி தெரு திரும்பினதும் அப்பா உள்ளே வந்து அந்த டீயை வாங்கிக் குடிச்சார். சிரிச்சுக்கிட்டே குடிச்சார்."